இரண்டும் நாலும் எட்டு

ராசா,

கலியாண வேலைகளுக்கு நடுவில் அம்மா இவ்வளவு நீளமாக எழுதிக் கையில் தருகிறாளே என்று உனக்கு எரிச்சல் வரும். வரட்டும். ஆறுதலாக இருந்து முழுவதையும் வாசி. தாலி கட்டிய பிறகு வாசித்தால் இதனால் ஒரு பயனும் இல்லை. நேரிலேயே சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் நீ பாதியில் மறித்து, "அம்மா, உதெல்லாம் பழைய கதை" என்பாய். நீ அப்பாவைப் போல. சண்டை வரப்போகிறது என்று தெரிந்தாலே எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விடுவாய். எழுதியதை மறிக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

போன விடுமுறையில் பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து நின்றபோது, சோற்றுக்கோப்பைக்கு முன்னால் இருந்து உன் ஆய்வை எனக்கு விளங்கப்படுத்தினாய், நினைவிருக்கிறதா? "அம்மா, ஒரு ஊரிலை எந்த வயசிலை எத்தினை பேர் இருக்கினம், எத்தினை பேர் பிறக்கினம், சாகினம் எண்டு கணக்கெடுக்கிற மாதிரித்தான். ஆக்களுக்குப் பதிலா உப்புமணி, வயசுக்குப் பதிலா பருமன்" என்றாய். மணிகள் வளரும், உடையும், ஒன்றோடொன்று ஒட்டும். அந்தச் சமன்பாட்டை நேராகத் தீர்க்க முடியாது, ஆகவே பருமனைத் தட்டுத் தட்டாகப் பிரித்து, காலத்தைச் சின்னச் சின்னப் படியாக வைத்து, எண்களால் நகர்த்திக்கொண்டு போகவேண்டும் என்றாய். அழகாகத்தான் சொன்னாய். நான் ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டு கத்தரிக்காய்க் குழம்பு விட்டேன். பிறகு நீ சொன்னாய், இரண்டு மணி ஒட்டி வரும் புது மணி எந்தத் தட்டிலும் பொருந்தாமல் இடையில் நின்றால், அதைக் கீழ்த்தட்டுக்கும் மேல்தட்டுக்கும் பங்கு பிரித்து வைக்கவேண்டும், எண்ணிக்கையும் கெடாது, நிறையும் கெடாது என்று. "இதை இஞ்சை முதன்முதல் செய்தவர் வதனியின்ரை அப்பாதான் அம்மா. அவர் கம்பசிலை வந்து விரிவுரை செய்தவர். அதிலைதான் நான் இதைப் பிடிச்சனான்" என்றாய். அகப்பை என் கையிலேயே நின்றுவிட்டது. நீ கவனிக்கவில்லை. உன் ஆய்வுரையின் முதற்பக்கத்தில் அவருக்கு நன்றி எழுதியிருப்பதாகச் சொன்னாய். அதே மூச்சில், வதனியைத்தான் கட்டப்போகிறேன் என்றும் சொன்னாய்.

நான் உடனே சம்மதித்தேன். சாதகம் கேட்கவில்லை, சீதனம் கேட்கவில்லை, அவர்களுடைய ஊரான அளவெட்டியில் எந்தப் பகுதி என்றுகூடக் கேட்கவில்லை. என் அம்மாவைப் போல முற்போக்கான தாய் இல்லை என்று நீ சிநேகிதர்களிடம் சொல்லித் திரிந்தாயாம். நான் முற்போக்கும் இல்லை, பிற்போக்கும் இல்லை. அந்த மனிதன் ஒருமுறை என் வீட்டுக்கு வந்து என் முன்னால் இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டு, வழி தெரியாமல் காத்துக்கொண்டிருந்தவள். வழியை நீ திறந்துவிட்டாய். அதற்கு உனக்கு நன்றி சொல்லவேண்டும்.

உனக்குத் தெரிந்த கதை இது: அப்பா உப்பளத்து வேலையை விட்டுவிட்டுத் தோட்டம் செய்ய வந்தார், அம்மா பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கப் போனாள். நடந்தது இது. நானும் அப்பாவும் நீரேரிக்கரை உப்பளத்தில் வேலை செய்தோம். அவர் களஞ்சியப் பொறுப்பாளர். நான் கணிதத்தில் பட்டம் பெற்றவள். கைபிடியைச் சுற்றிக் கணக்குப் போடும் யந்திரம் ஒன்று கந்தோரில் இருந்தது, அதற்கு முன்னால் என்னை இருத்தியிருந்தார்கள். வதனியின் அப்பா குலசேகரம் சீமையில் படித்துவிட்டு எஞ்சினியராக வந்து சேர்ந்தார். கெட்டிக்காரன்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். உப்பை வாரிக் குவித்து, கிடுகு போட்டு மூடிவிட்டால் அது மாதக்கணக்காக வெளியில் கிடக்கும். லொறியில் ஏற்றும்போதுதான் தராசைக் காணும். அதுவரை எவ்வளவு உப்பு நிற்கிறது என்பது கண்மதிப்புத்தான். குலசேகரம் அந்தக் கண்மதிப்பை ஒழித்து, கணக்கால் சொல்லப்போகிறேன் என்று புறப்பட்டார். அரிதட்டுகளால் மாதிரி உப்பை அரித்து, எந்தத் தட்டில் எத்தனை மணி என்று எண்ணி, மிச்ச உப்புநீரில் அவை எப்படி வளரும், ஈரத்தில் எப்படி ஒட்டும் என்று கிழமை கிழமையாக முன்னுக்கு நகர்த்துவது. நீ இப்போது கம்பியூட்டரில் செய்வதை நான் கைபிடியால் செய்தேன்.

பிழை எங்கே என்று உனக்கு இரண்டு வரியில் காட்டலாம். தட்டுகளில் நிற்கும் மணிகளின் நிறை ஒன்று, இரண்டு, நாலு, எட்டு என்று வைத்துக்கொள். இரண்டும் நாலும் ஒட்டினால் ஆறு. ஆறுக்குத் தட்டு இல்லை. குலசேகரம் அதை எட்டிலே போடச் சொன்னார். ஒட்டினது பெருத்தது, பெருத்தது மேலே போகவேண்டும் என்பது அவர் நியாயம். அப்படி ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் இல்லாத உப்பு கடுதாசியில் பிறந்தது. மணிகள் உப்புநீரில் உண்மையாகவே வளர்ந்துகொண்டும் இருந்ததால், எது வளர்ச்சி, எது பொய் என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்குச் சந்தேகம் வந்து, ஒருநாள் வளர்ச்சியை முற்றாக நிறுத்திவிட்டு, ஒட்டுவதை மட்டும் வைத்துக் கணக்கை ஓடவிட்டேன். வளர்ச்சி இல்லையென்றால் உப்பு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கூடிக்கொண்டே போனது. கொண்டுபோய்க் காட்டினேன். "சேர், ஆறை எட்டிலை போடாமல் பாதியை நாலிலையும் பாதியை எட்டிலையும் வைச்சால் சரி வருது. எண்ணிக்கையிலை ஒண்டு, நிறையிலை ஆறு" என்றேன்.

"அரை உப்புமணி எண்டு ஒண்டை நீர் எங்கையேன் கண்டிருக்கிறீரோ?" என்று கேட்டார். கந்தோர் முழுக்கச் சிரித்தது. "நீர் கைபிடியைச் சுத்தும். யோசிக்கிறதுக்கு என்னை வைச்சிருக்கினம்" என்றார். நான் திரும்பிப் போய்ச் சுற்றினேன். அந்தச் சிரிப்பை நான் இன்னும் வைத்திருக்கிறேன், ராசா. ஒவ்வொருவரின் சிரிப்பும் தனித்தனியாக ஞாபகம் இருக்கிறது.

அந்தப் பருவம் லொறிகள் வந்து உப்பை நிறுத்தபோது, கணக்கில் நின்ற உப்பு குவியலில் இல்லை. குறைந்த உப்பு எங்கே போனது? களஞ்சியத்துப் பூட்டின் திறப்பு யாரிடம் இருந்ததோ அவரிடம், அப்பாவிடம், கேட்டார்கள். கொழும்பிலிருந்து விசாரணைக்கு வந்தவர்கள் முன்னால் நான் போய், உப்பு குறையவில்லை, கணக்குத்தான் கூடியது என்று விளங்கப்படுத்தினேன். அவர்கள் குலசேகரத்தைப் பார்த்தார்கள். அவர் இங்கிலீசில், இவர் யந்திரத்தை நன்றாக இயக்குவார், சந்தேகத்துக்குரியவரின் மனைவியும்கூட என்றார். இரண்டும் உண்மைதான். உண்மையைச் சொல்லி ஒருவனைக் கொல்வது எப்படி என்று அன்றைக்குப் பார்த்தேன். சில கிழமைகளில் கடிதம் வந்தது. சிங்களம் மட்டுமே என்ற ஐம்பத்தாறாம் ஆண்டுச் சட்டத்தின் புண்ணியத்தில் அது சிங்களத்தில் வந்தது. அப்பாவுக்கு ஒரு எழுத்துத் தெரியாது. சந்தியில் பேக்கரி வைத்திருந்த சிங்கள முதலாளியிடம் கொண்டுபோனோம். அவர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வாசித்தார். ஓரிடத்தில் நிறுத்தி, அப்பாவின் முகத்தைப் பார்த்தார். "வேலையாலை நிப்பாட்டியிருக்கு ஐயா, வேறை ஒண்டும் இல்லை" என்று மடித்துக் கொடுத்தார். வேறு இருந்தது, பிறகு இன்னொருவரிடம் வாசிப்பித்து அறிந்தேன். களவு என்ற சொல் இருந்தது. அந்த மனுசன் அதை வாய்விட்டு வாசிக்க விரும்பவில்லை. எங்கள் அளவெட்டிக்காரனுக்கு இல்லாத வெட்கம் எங்கோ தெற்கே காலி ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தவருக்கு இருந்தது.

இனித்தான் நான் மன்னிக்காத இடம் வருகிறது. நானும் வேலையை விட்டு நின்ற அடுத்த பருவம் உப்பளத்தில் குறைவே வரவில்லை. கணக்கும் தராசும் ஒன்றாகவே நின்றன. ஊர் என்ன சொல்லும்? கள்ளன் போனான், களவும் போனது என்றது. அதற்குப் பிறகு யாரிடம் போய் நான் தட்டுக் கணக்கு விளங்கப்படுத்துவது? அப்பா கோயில் அன்னதானத்தில் பந்திக்குக் கறி விடுகிறவர். உனக்கு ஏடு தொடக்கிய வருஷம் அது. நீயும் பந்தியில் என் மடியில் இருந்தாய். ஒருவன் இலையிலிருந்து தலையை நிமிர்த்தி, "தில்லையம்பலண்ணை, கறிக்கு உப்புக் காணாது. உங்களிட்டை இருக்கும், கொஞ்சம் போடுங்கோவன்" என்றான். பந்தி முழுவதும் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அதன் பிறகு அவர் ஒரு பந்தியிலும் நிற்கவில்லை, ஒரு கலியாண வீட்டிலும் இருந்து சாப்பிடவில்லை. கடையில் உப்பு வாங்க நான்தான் போகவேண்டும். உரும்பிராயில் வெங்காயத் தோட்டத்துக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றவர் வரம்பிலே விழுந்து போனார். டொக்டர் மாரடைப்பு என்றார். டொக்டருக்கு அவ்வளவுதான் தெரியும்.

உன்னை ஏன் கணிதத்தில் இவ்வளவு கசக்கிப் பிழிந்தேன் என்று ஒருமுறை கேட்டாய். பந்தடிக்கப் போகவிடாமல் இருத்தி வைத்தேன், ஒரு கணக்குப் பிழைத்தால் முழுவதையும் திரும்பச் செய்வித்தேன். இப்போது தெரிந்திருக்கும். உன் சமன்பாட்டிலிருந்தே உனக்கு ஒரு புத்தி சொல்கிறேன், கலியாணம் கட்டப்போகிறவனுக்கு எல்லாரும் ஏதாவது சொல்வார்கள்தானே. காலப்படியைப் பெரிதாக வைக்காதே. அவசரப்பட்டுப் பெரிய படி வைத்தால் தட்டில் நிற்பதைவிடக் கூடுதலாக எடுத்துவிட்டு, மணிகளின் எண்ணிக்கை பூச்சியத்துக்கும் கீழே போய்விடும், பிறகு கணக்கு முழுவதும் குலைந்துவிடும். கோபத்தையும் நான் அப்படித்தான் கொண்டுவந்தேன், சின்னப் படியாக. அந்த நேரமே போய்க் குலசேகரத்தின் வீட்டு வாசலில் நின்று மண் தூற்றியிருந்தால் ஊர் இன்னொருமுறை சிரித்திருக்கும். நான் ஒன்றும் செய்யவில்லை. பாடம் எடுத்தேன், உன்னை வளர்த்தேன், நாளுக்கு நாள் கூட்டிப் பார்த்தேன், ஒரு துளியும் குறையவில்லை.

சம்பந்தம் கதைக்க அவர் வந்த நாள் நீ பேராதனையில். வெள்ளை வேட்டி, சால்வை, மடித்த குடை. பெரியப்பாவைக் கூப்பிட்டு வைத்திருப்பேன் என்று நினைத்திருப்பார். வீட்டில் நான் மட்டும் இருந்தேன். பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தேன். சீனிக்குப் பதில் உப்புப் போட்டேன், தாராளமாகவே போட்டேன். சின்னத்தனம்தான். ஆனால் செய்யும்போது மிகவும் நன்றாக இருந்தது. ஒரு மிடறு குடித்தார். பேணியைக் கீழே வைத்தார். சீனி கேட்கவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, எந்த வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

"தங்கச்சி, பழசுகளைக் கிளறி ஒரு பிரயோசனமும் இல்லை. இந்தக் கலியாணத்தோடை எல்லாம் சமன் எண்டு வைப்பம்" என்றார்.

"சமன் எண்டு சொல்ல முதல் ரெண்டு பக்கத்தையும் கூட்டிப் பாக்கவேணும். ரெண்டும் நாலும் ஒட்டினால் எங்கை போடுவியள்?" என்று கேட்டேன்.

குடையைச் சுவரோடு சாய்த்து வைத்தார். "பாதி கீழை, பாதி மேலை" என்றார்.

"எப்ப தொடக்கம் அப்பிடிப் போடுறியள்?"

"அவரை நிப்பாட்டின அடுத்த பருவமே மாத்திப்போட்டன்."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

"அவர் அப்ப உயிரோடை இருந்தவர். ஒரு வசனம் சொல்லியிருக்கலாம்."

"வதனி பிறந்து ஒரு மாசம், தங்கச்சி. என்ரை கணக்குப் பிழை எண்டு சொல்லியிருந்தால் என்ரை உத்தியோகம் போயிருக்கும். நானும் ஒரு தேப்பன்."

"என்ரை பிள்ளைக்கும் ஒரு தேப்பன் இருந்தவர்" என்றேன்.

அழுதார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அழவில்லை. என் பாதி மணியை எடுத்துத் தன்னுடையதாக்கி, அதைக் கம்பசிலே என் பிள்ளைக்கே படிப்பித்து, அவனிடம் நன்றியும் வாங்கிக்கொண்ட மனுசன், உப்புத் தேத்தண்ணிக்கு முன்னால் நிமிர்ந்துதான் இருந்தார். அப்போது என் நிபந்தனையைச் சொன்னேன். வீடு வேண்டாம், வளவு வேண்டாம், நகை உங்கள் விருப்பம். தாரை வார்க்கும்போது ஐயர் சொல்லிக்கொடுக்க, பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் பூட்டன், பாட்டன், தகப்பன் பெயரை மும்முறை சபையில் சொல்லவேண்டும். அது எல்லாக் கலியாணத்திலும் நடப்பது. காசிநாதரின் பூட்டப்பிள்ளை, வேலுப்பிள்ளையின் பேரன், தில்லையம்பலத்தின் மகன் என்று அவருடைய வாயால் வரத்தான் போகிறது. மூன்றாம் முறை சொல்லி முடிந்ததும், தண்ணீர் விடுவதற்கு முன்னால், ஒரு வசனம் கூடச் சொல்லவேண்டும்: தில்லையம்பலம் உப்பு எடுக்கவில்லை, என் கணக்குத்தான் பிழை. சிங்களத்தில் அல்ல, இங்கிலீசில் அல்ல. எங்கள் ஊருக்கு விளங்கும்படி தமிழில், ஒலிபெருக்கிக்குக் கேட்க.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்று எழும்பிப் போனார். பிறகு நாள் வைத்துச் சொல்லி அனுப்பினார்கள், மண்டபம் சொன்னார்கள், மேளம் சொன்னார்கள். அந்த வசனத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. சொல்வாரா, மாட்டாரா, எனக்குத் தெரியாது. உண்மையைச் சொல்வதானால், அவர் சொல்லாமல் விடவேண்டும் என்று சில நேரம் விரும்புகிறேன். சொன்னால் அவர் ஒரு நாள் தலைகுனிவார். சொல்லாமல் விட்டால் நடக்கப்போவது அதைவிடப் பெரிது.

ஏனென்றால் பிறகு நான் பெண் பார்க்க அளவெட்டிக்குப் போனேன். வதனி பலகாரத் தட்டோடு வந்தாள். தாயார் அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து, உன் பள்ளிக்கூடத்தில் என்ன படிப்பிக்கிறாய் என்று கேட்டு, கணிதம் என்றதும், இரண்டும் நாலும் ஒட்டுகிற அந்தக் கணக்கையே கேட்டேன். "பாதி பாதி, மாமி" என்று யோசியாமல் சொன்னாள். ஒன்றும் நாலும் ஒட்டினால்? "முக்கால் கீழை, கால் மேலை." கெட்டிக்காரி. அவளோடு எனக்கு ஒரு கோபமும் இருக்கவில்லை, அதனால்தான் செய்ததைச் செய்வது கஷ்டமாக இருந்தது. ஆனாலும் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், அரை மணியிலிருந்து அன்னதானப் பந்தி வரை, அவள் பிறந்த மாதம் வரை, தாரை வார்க்கும்போது நான் கேட்ட வசனம் வரை. முறுக்கை ஒடித்து ஒடித்துத் தட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தாள். "எனக்காகவோ?" என்று மட்டும் கேட்டாள். ஓம் என்றேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்து, "அப்பா அண்டைக்கு அதைச் சொல்லாட்டில் நான் மணவறையிலை கையை எடுத்திடுவன், மாமி. நீங்கள் ஒண்டும் செய்யவேண்டாம்" என்றாள். தாயார் தேத்தண்ணியோடு வந்தார். இரண்டு பேரும் சீலை விலை கதைத்தோம்.

இதை நான் உன்னிடமிருந்து வேண்டுமென்றேதான் மறைத்து, அவளிடம் முதலில் சொன்னேன். உன்னிடம் சொல்லியிருந்தால் நீ பேராதனைக்கும் அளவெட்டிக்கும் ஓடித்திரிந்து எல்லாரையும் சமாதானப்படுத்தியிருப்பாய். அவர் எந்தப் பிள்ளைக்காக வாயை மூடிக்கொண்டிருந்தாரோ, அந்தப் பிள்ளையே மணவறையில் இருந்து அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறாள். இதைவிட நல்லதொன்றை நான் இருந்து யோசித்தாலும் கண்டுபிடித்திருக்கமாட்டேன்.

நீ அவளை விரும்புகிறாய் என்று எனக்குத் தெரியும். அவள் எழும்பிப் போனால் உனக்கு என்ன ஆகும் என்றும் தெரியும், நான் உன்னைப் பெற்றவள். என்மேல் கோபம் வந்தால் வரட்டும். கோபத்தை வைத்திருப்பது எப்படி என்று உனக்கு நான் சொல்லித்தரவேண்டியதில்லை. உன்னிடம் நான் கேட்பது இவ்வளவுதான். அவரிடம் போய்க் கதையாதே. நன்றி எழுதிய அந்த முதற்பக்கத்தைக் கிழித்துவிட்டு, அரை மணியை யார் முதலில் சொன்னது என்று வேறு எழுது. மணவறையில் உனக்குத் தகப்பன் இடத்தில் பெரியப்பா இருப்பார். தாலி அறுத்தவள் என்று என்னை முன்னுக்கு விடமாட்டார்கள். தூணுக்குப் பின்னால் நிற்பேன், அங்கே ஒலிபெருக்கி நன்றாகக் கேட்கும். வதனியின் கையை உன் கைமேல் வைப்பார்கள். தாயார் செம்பைச் சரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். குலசேகரம் அப்பாவின் பெயரை மூன்றாம் முறை சொல்லி முடித்ததும் சபை கொஞ்சம் அமைதியாகும். நீ நிலத்தைப் பார்க்காமல் அவருடைய முகத்தைப் பார். அவர் வாயைத் திறந்தால், தண்ணீர் விழட்டும். திறக்காமல் இருந்து, உன் கைமேல் இருக்கும் கை அசைந்தால், நீ அதைப் பிடித்து வைக்காதே.

அம்மா